பழைய டெலிபோன் ரிப்பேர், லைன் வேலை என்று வருகிறவர்களிடம் கவனம்: குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து ஆட்களுக்கு

"பழைய டெலிபோனைப் புதுசு போல ஆக்கித் தருகிறோம், வீட்டுக்குள் லைனும் இழுத்துத் தருகிறோம்" என்று நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்கள் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையை இங்கே எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் பொருளையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் வீடு ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. மழை கனத்தால் செல்போனில் டவரே நிற்காது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், செல்போன் சத்தம் கேட்காது. பாட்டா (தாத்தா) வைத்திருந்த கறுப்பு டயல் போனின் மணி மட்டும் அடுக்களையில் நின்றாலும் கேட்கும். பெங்களூரில் 1948-ல் தொடங்கின ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) கம்பெனி செய்த போன் அது. பேக்லைட் என்கிற பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக் உடம்பு, நல்ல கனம். ஃபைபர் லைன் வந்த பிறகு அதையே திரும்ப ஓட வைக்கலாம், மாடிக்கு ஒன்றும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புரைக்கு (கொட்டகைக்கு) ஒன்றும் லைன் இழுக்கலாம் என்றுதான் அவர்களைக் கூப்பிட்டோம்.

போனை "பட்டறைக்கு" கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. கையில் எடுத்ததுமே அம்மா சொன்னாள், "இது என்ன மக்கா, தேங்காச் சிரட்டை கணக்கா இருக்கு?" பாதிக் கனத்தைக் காணவில்லை. மேலே அடித்திருந்தது ஸ்ப்ரே பெயிண்ட், டயலின் ஓட்டைகளுக்குள் கட்டியாக வழிந்து காய்ந்திருந்தது. பேக்லைட்டுக்கு பெயிண்டே தேவையில்லை. மெட்டல் பாலிஷைத் துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் அதன் சொந்தக் கறுப்பு மினுங்கும்.

தக்கலையிலிருந்து ஒரு ரிட்டயர்டு லைன்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அடித்தகட்டைத் திருப்பி ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே இரண்டு பித்தளைக் கிண்ணங்களும், நடுவில் அடிக்கிற சின்னச் சுத்தியலும், செம்புக் கம்பிச் சுருளும் இருக்க வேண்டும். எதுவும் இல்லை. மலிவான பட்டன் போன் ஒன்றின் போர்டைப் பிய்த்து க்ளூ கன்னால் ஒட்டி, காசு அளவுக்கு ஒரு பஸ்ஸர் வைத்திருந்தார்கள். டயலில் இருந்து ஒரு வயர்கூட போர்டுக்குப் போகவில்லை. சும்மா சுற்றும், நம்பர் போகாது.

போன் போட்டுக் கேட்டால் வந்த பதில்: "ஃபைபர்ல பழைய மணி அடிக்காது சார், டயலும் எடுக்காது. அதான் மாத்தினோம்." கேட்கிறவர் நம்பிவிடுவார், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. அண்ணாச்சி விளக்கினார். டயல் போன் நம்பரைத் துடிப்பாக அனுப்பும், 1-க்கு ஒரு துடிப்பு, 0-க்கு பத்து, நொடிக்கு சுமார் பத்து வேகத்தில். ஃபைபர் மோடம்கள் பலவும் பட்டன் போனின் டோனை மட்டும்தான் புரிந்துகொள்ளும். அதற்கு நடுவில் துடிப்பை டோனாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் போதும். மணிக்கு அந்தக் கால எக்ஸ்சேஞ்ச் சுமார் 75 வோல்ட் ஏசி அனுப்பும். மோடம் தருவது அதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனாலும் ஒரு மணியை அடிக்க வைக்க பல மோடங்களால் முடியும். தேவைப்பட்டால் சுத்தியலின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். வாய்ப்பக்கத்துக் கரிமைக்கில் உள்ளே இருக்கும் கரித்தூள் இறுகிவிட்டால் சத்தம் அமுங்கும், அதை மட்டும் மாற்றுவது நியாயமான வேலை. எங்கள் போனில் நடந்தது ரிப்பேர் இல்லை. குடலை உருவி விற்றிருக்கிறார்கள்.

கழற்றின சாமான்களைக் கேட்டோம். "வேஸ்ட் சார், போட்டாச்சு" என்றார்கள். சுவரில் இருந்து உருவின பழைய செம்பு வயரையும் அதே பேச்சில்தான் கொண்டுபோயிருந்தார்கள். பித்தளைக்கும் செம்புக்கும் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

வயரிங் இதைவிட மோசம், இதில் உயிர்ப் பயமும் இருக்கிறது. மாடிக்குப் போகிற டெலிபோன் வயரை 230 வோல்ட் கரண்ட் வயர் போகிற அதே பைப்புக்குள் சொருகிவிட்டார்கள். ரிசீவரை எடுத்தாலே "ங்ங்ங்" என்று இரைச்சல். இரைச்சலாவது போகட்டும், கரண்ட் வயரின் உறை எங்காவது உரிந்தால் ரிசீவர் பிடித்திருக்கும் கைக்கே ஷாக் வரும். இரண்டும் தனித்தனி பைப்பில், தள்ளித்தான் போக வேண்டும். அண்ணாச்சி பிளேடால் புது வயரின் நுனியைச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம் மெல்லிசாக உரிந்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்பு பூசின அலுமினிய வயரைச் செம்பு என்று சொல்லிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை வளைத்தால் ஒடிகிறது. ஈயம் பூசின அசல் செம்பு வயர் வெளியே வெள்ளி மாதிரி தெரியும், சுரண்டினால் உள்ளே சிவப்பு. இதை மாற்றிப் பார்த்து அசலைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வீட்டில் இருந்து புரைக்கு வெளியே தூக்கிக் கட்டின வயரில் முறுக்கி டேப் சுற்றின ஜாயின்ட், இடி தாங்கி கிடையாது. நமக்கு இரண்டு மழைக்காலம். ஐப்பசியில் இடி எப்படி இறங்கும் என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, சரி. ஆனால் வீட்டுக்கு வெளியே தொங்கும் உலோக வயர் கடத்தும்.

ஆகவே, யாரைக் கூப்பிட்டாலும் போனைக் கொடுக்கும் முன் அடித்தகட்டைக் கழற்றி உள்ளே போட்டோ எடுத்து வையுங்கள், அவர்கள் கண் முன்னாலேயே எடுங்கள். மாற்றுகிற ஒவ்வொரு சாமானும் கவரில் திரும்பி வர வேண்டும் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு 6,500 ரூபாய்க்கு விசிட்டிங் கார்டின் பின்னால் கிறுக்கித்தான் தந்தார்கள். நல்லவேளை, பணம் யுபிஐ வழியாகப் போனதால் தடயம் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. அடுத்து நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இதே ஆட்களிடம் மாட்டினவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போவோம்.

கோட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் மணியின் ஒரு கிண்ணத்தின் உட்புறம், பாட்டா ஆணியால் கீறின மூன்று இலக்க நம்பர் இருக்கும். கண்ணில் பட்டால் உருக்கக் கொடுக்காமல் எனக்குச் சொல்லுங்கள், கேட்கிற விலை தந்து வாங்கிக்கொள்கிறேன்.