ஆர்டிஎஃப் ஸ்கீமா: பல வருடம் பழகியும் உறுத்துகிற 'டொமைன்'

நூலகப் பட்டியலை ஆர்டிஎஃப் (RDF) ட்ரிப்பிள்களாக, அதாவது 'பொருள், உறவு, மதிப்பு' என்ற மூன்று பகுதித் தகவல்களாக, மாற்றப்போகும் நண்பரின் கேள்வி: "ஆர்டிஎஃப் ஸ்கீமா மட்டும் போதுமா, அவுலும் வேணுமா?" அந்தத் தகவல்களில் வரும் வகைகளையும் உறவுகளையும் விவரிக்கும் சொல்தொகுதி ஆர்டிஎஃப் ஸ்கீமா; அவுல் (OWL) அதைவிட விரிவான மொழி. கிளாஸ் (வகை), ப்ராப்பர்ட்டி (உறவு) எல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு.

ஒரு வகை இன்னொன்றின் உள்வகை என்று சொல்லும் சப்கிளாஸ்ஆஃப் அருமையான ப்ராப்பர்ட்டி. 'நாவல்' என்பது 'நூல்' வகை என்று ஒரு வரி எழுதினால், நூல்களைத் தேடும்போது நாவல்களும் வரும். ரீசனர் (விதிகளிலிருந்து புதுத் தகவலை அனுமானிக்கும் மென்பொருள்) இல்லாத சர்வரிலும், ஸ்பார்க்கில் (SPARQL) என்ற வினவல் மொழியில் டைப், சாய்கோடு, சப்கிளாஸ்ஆஃப், நட்சத்திரக் குறி என்று பாதை எழுதினால் போதும். மனிதர் படிக்கும் பெயரைத் தரும் லேபிளும் நல்லது. ஆனால் தமிழ் மொழிக்குறி போட்ட 'சென்னை'யும் குறியில்லாத 'சென்னை'யும் வெவ்வேறு மதிப்புகள்.

எரிச்சல் டொமைனிலும் (ப்ராப்பர்ட்டியை உடைய பொருள் எந்த வகை) ரேஞ்சிலும் (அதன் மதிப்பு எந்த வகை)தான். ஜாவாவும் டேட்டாபேஸும் பழகியவர்கள் இவற்றைக் கட்டுப்பாடு என்றே படிப்பார்கள். இவை அனுமான விதிகள். 'எழுதியவர்' ப்ராப்பர்ட்டிக்கு டொமைன் 'நூல்' என்று வைத்திருக்கும்போது யாராவது ஒரு திரைப்படத்துக்கு அதைப் போட்டால் பிழைச்செய்தி வராது, படம் நூலாகிவிடும்! சரி, 'திரைப்படம்' என்று இன்னொரு டொமைன் வரி சேர்த்தால்? இன்னும் மோசம். இரண்டு வரிக்கும் நடுவில் இருப்பது 'அல்லது' இல்லை, 'மற்றும்'. எழுதியவர் உள்ள ஒவ்வொரு நாவலும் இனி திரைப்படம். நூல் வேறு, படம் வேறு என்று சொல்ல இந்த ஸ்கீமாவில் வழியே இல்லை; அதற்கு அவுலின் டிஸ்ஜாயின்ட்வித் வேண்டும்.

வலைத் தரநிலைகளை வகுக்கும் W3C அமைப்பின் 2004 பரிந்துரையிலும் சரி, 2014-இல் வந்த 1.1 பதிப்பிலும் சரி, இது ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கக்கூடிய வலையில் இது பொருத்தமும்கூட. ஆனாலும் பெயர் ஏமாற்றுகிறது. வலைப்பக்கங்களுக்கான சொல்தொகுதியான ஸ்கீமா டாட் ஆர்க் 'டொமைன்இன்க்ளூட்ஸ்' என்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டது. அதில் பல வகைகளைப் பட்டியலிட்டாலும் 'அல்லது' என்றே பொருள்.

திருத்தும் முறை இது. 'படைப்பு' என்று ஒரு பொது கிளாஸ் வைத்து, நூலையும் திரைப்படத்தையும் அதன் கீழ் கொண்டுவந்து, டொமைனை அதற்கு மாற்றுங்கள். ஸ்கீமாவைத் திருத்தினால் மட்டும் போதாது. அனுமானத்தில் பிறந்த ட்ரிப்பிள்களைச் சேமித்திருந்தால் பழைய தவறுகள் அப்படியே தங்கலாம். அவற்றை முதலிலிருந்தே தனி கிராஃபில் (ட்ரிப்பிள் தொகுப்பில்) வைத்தால், அதை மட்டும் அழித்துவிட்டு ரீசனரை மறுபடி ஓட்டலாம்.

தரவு விதிப்படி இருக்கிறதா என்ற சரிபார்ப்புக்கு, 2017-இல் பரிந்துரையான ஷாக்கில் (SHACL) என்ற மொழி இருக்கிறது. அனுமானத்துக்கு முன், மூலத் தரவின்மேல் ஓட்டுங்கள்; சப்கிளாஸ்ஆஃப் வரிகளை மட்டும் கூடவே ஏற்றுங்கள். அனுமானத்துக்குப் பின் ஓட்டினால், எழுதியவர் இடத்தில் ஒரு பதிப்பகம் வந்திருந்தாலும் ரேஞ்ச் அதை ஏற்கெனவே 'நபர்' ஆக்கியிருக்கும். சோதனையில் அது தேறிவிடும்.

இத்தனை கோபத்துக்குப் பிறகும் நண்பருக்குப் பதில்: நூலகப் பட்டியலுக்கு ஆர்டிஎஃப் ஸ்கீமாவே போதும். ஆனால் உங்கள் ஸ்கீமாவின் முதல் பதிப்பில் டொமைன், ரேஞ்ச் வரிகளை எழுதாமல் விடுங்கள்.