பிக்கப் கதவு லைட்டுக்குத் தனி ஸ்விட்ச்: சீசன்கள் கடந்த பிறகு ஒரு கணக்கு

இந்த வண்டிக்கு நான் செய்த செலவுகளில் ரொம்பச் சின்னது இந்த ஸ்விட்ச்தான். நூறு ரூபாய்க்குள் சாமான் முடிந்தது, கூலி தனி. சீட் கவர், பாட்டு செட், ஹாரன் என்று ஆயிரக்கணக்கில் இறைத்ததெல்லாம் எப்போதாவது ஒரு நாள் சந்தோஷம் தரும். இதை மட்டும் ராத்திரிக்கு ராத்திரி கை தேடிப் போகிறது.

என்னுடையது 12 வோல்ட் பிக்கப், பழசாக வாங்கியது. மே, ஜூன், ஜூலையில் மாங்காய் லோடு. மிச்ச மாதங்களில் ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி, சமயத்துக்கு ஓசூர் பக்கத்துப் பூவும் கோஸும். முன்னால் வைத்திருந்தவர் ஆசைப்பட்டு இரண்டு கதவின் அடியிலும் ஆளுக்கொரு 5 வாட் லைட் போட்டு, கூரை லைட் எரிகிற அதே கதவு ஸ்விட்ச்சில் இழுத்துவிட்டிருந்தார். கதவைத் திறந்தால் காலடி பளிச்சென்று தெரியும். வண்டி பார்க்கப் போன அன்று அதைப் பார்த்து எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

தொல்லை எங்கே என்றால், கூரை லைட்டுக்கு மூன்று நிலை உண்டு: எப்போதும் எரியும், கதவு திறந்தால் எரியும், எரியவே எரியாது. கதவு லைட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. கதவு திறந்திருக்கிற வரைக்கும் எரிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கார் என்றால் கதவைத் திறந்து ஏறி மூடிவிடுவோம், அதோடு சரி. லோடு வண்டிக் கதவு மூடியிருக்கிற நேரத்தைவிடத் திறந்திருக்கிற நேரம்தான் ஜாஸ்தி.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிப் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சீசன் சூடு பிடித்துவிட்டால் கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ராத்திரி போனால் எடை போட விடியற்காலை ஆகும், சில நாள் அதுவும் தாண்டும். கேபினுக்குள் புழுக்கம் தாங்காது. கதவு இரண்டையும் திறந்துவிட்டு, காலை வெளியே நீட்டி, சீட்டில் குறுக்கே படுத்தால்தான் கண் அசரும். அப்போது இந்த லைட் நேராகக் கண்ணில் அடிக்கும். துணியைப் போட்டு மூடினால் பல்பு சூட்டில் பிளாஸ்டிக் வாடை வரும். பழுத்த மாங்காய் வாசத்துக்கு ஏற்கெனவே மொய்க்கிற பூச்சிக்கு வெளிச்சமும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். மழை விட்ட ராத்திரியில் ஈசல் கிளம்பினால் முடிந்தது கதை. காலையில் சீட்டு மடிப்பு, கியர் ராடின் ரப்பர், டீ ஃபிளாஸ்க் மூடி எல்லா இடத்திலும் இறக்கை ஒட்டிக் கிடக்கும். துடைத்தாலும் ஈரத்தோடு இழுபடுமே தவிர வராது.

தூக்கத்தையும் பூச்சியையும் பொறுத்துக்கொள்ளலாம், பேட்டரிதான் பெரிய விஷயம். கதவு இரண்டுக்கும் 10 வாட், கூரை லைட் 10 வாட், ஆக 20 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஒன்றே முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. பத்து மணி நேரம் கதவு திறந்து கிடந்தால் சுமார் 17 ஆம்பியர்-ஹவர் போயிருக்கும். என் வண்டியில் இருப்பது 75 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதாவது ஏறக்குறைய கால்வாசி காலி. புது பேட்டரி இதைத் தாங்கிவிடும். பழசாகிப்போன பேட்டரியோடு பாட்டும் போன் சார்ஜரும் சேர்ந்தால் விடியற்காலை செல்ஃப் ‘டிக் டிக்’ என்று மட்டும் சொல்லும். லோடு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதற்கு வரிசையில் நிற்கிற எல்லாரையும் கூப்பிட வேண்டும், அவர்களும் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டேதான் தள்ளுவார்கள். ஈய-அமில பேட்டரியை அடிக்கடி இப்படி வடியவிட்டால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுசே குறைந்துவிடும்.

‘எல்இடி மாட்டிட்டாப் போதுமே, எதுக்கு ஸ்விட்ச்?’ என்று கேட்பவர்கள் உண்டு. எல்இடியும் மாட்டியிருக்கிறேன். கரண்ட் செலவு பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது, பேட்டரிக் கவலை அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் தூக்கமும் பூச்சியும் தீரவில்லை. நீலம் கலந்த வெள்ளை எல்இடிக்குப் பூச்சி பழைய பல்பைவிடக் கூடுதலாகவே வந்தது. பிறகு மஞ்சள் ஒளி உள்ளதாக மாற்றியதில் கொஞ்சம் குறைந்தது. என்ன வெளிச்சமாக இருந்தாலும் தூங்கும்போது அணைத்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, எல்இடிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் பக்கம் உண்டு. மாட்டியதும் எரியவில்லை என்றால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

ஸ்விட்ச்சை விட அதை எந்த ஒயரில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மாதிரிப் பழைய வகை வண்டிகளில் பல்புக்கு பாசிட்டிவ் எப்போதும் ஃபியூஸ் வழியாக வந்துகொண்டே இருக்கும். கதவுக் கம்பத்தில் இருக்கிற குமிழ் ஸ்விட்ச், கதவு திறந்ததும் வெளியே துள்ளி எர்த்தை, அதாவது வண்டி பாடி வழியாக பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்புகிற பாதையை, சேர்த்துவிடும், பல்பு எரியும். ஆக இரண்டு வழி: பாசிட்டிவ்வை வெட்டி நடுவில் ஸ்விட்ச் வைக்கலாம், அல்லது எர்த்தை வெட்டலாம். நான் பாசிட்டிவ்வைத்தான் யோசித்திருந்தேன். ஒயரிங் பார்த்தவர் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

“தம்பி, எர்த்துல வையி. ஒயர் நாளைக்கு எங்கியாச்சும் ஒரசுனா லைட்டுதான் எரியும், வண்டி எரியாது.”

“சரிங்கண்ணா, உங்க இஷ்டம்” என்று விட்டுவிட்டேன். அவர் சொன்னது அப்படியே நியாயம். பாசிட்டிவ் ஒயரை ஸ்விட்ச் வரைக்கும் இழுத்து அது பாடியில் உரசினால் ஷார்ட், ஃபியூஸ் போகும். யாராவது அந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றி வைத்திருந்தால் அதைவிட மோசம். எர்த் ஒயர் உரசினால் கதவு மூடியும் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். எங்கே கோளாறு என்று வண்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஸ்விட்ச்சை அணைத்திருந்தாலும் பல்பு ஹோல்டரில் 12 வோல்ட் நின்றுகொண்டுதான் இருக்கும். பல்பு மாற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் நுனி ஹோல்டரையும் கதவுத் தகட்டையும் சேர்த்துத் தொட்டால் ஃபியூஸ் காலி. என் வண்டியில் பாட்டு செட்டின் மெமரியும் அதே ஃபியூஸில் இருக்கிறது, கடிகாரமும் ஸ்டேஷனும் எல்லாம் மறுபடி வைக்க வேண்டி வரும். ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பல்பில் கை வைப்பது உத்தமம்.

எர்த்தில் எந்த இடம் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு கதவு லைட்டின் எர்த் ஒயர்களும் ரப்பர் பூட் (கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒயரைப் பொத்தி வைக்கிற குழாய்) வழியாக உள்ளே வந்து, டிரைவர் காலடிப் பக்கப் பலகைக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து, அப்புறம்தான் குமிழ் ஸ்விட்ச் லைனில் கலக்கின்றன. வெட்டு விழ வேண்டியது அந்த இடைவெளியில்: இரண்டும் சேர்ந்த பிறகு, பொது லைனில் கலக்கும் முன். அதற்கு அப்பால் வெட்டினால் கூரை லைட்டும் சேர்ந்து போய்விடும். கதவு சரியாக மூடவில்லை என்று டேஷ்போர்டில் எரிகிற சிவப்பு எச்சரிக்கையும் போய்விடும். அது போனால் ஆபத்து. பெட்டி அடுக்கிய களைப்பில் கதவை அரைகுறையாகச் சாத்திவிட்டு தொப்பூர் இறக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு தேவை.

ஸ்விட்ச் வகையில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் வேண்டாம், முட்டியில் இடிக்கும், ஏறி இறங்கும்போது தானாக மாறும். உள்ளே லைட் எரிகிற ஃபேன்ஸி ஸ்விட்ச்சும் வேண்டாம். அதெல்லாம் பாசிட்டிவ் பக்கம் வைப்பதற்கென்று செய்தது, எர்த் பக்கம் போட்டால் உள் விளக்கு ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டு பின் உள்ள சாதாரண ராக்கர், அதாவது வீட்டு ஸ்விட்ச் மாதிரி அமுக்குகிற வகை, போதும். ஸ்டியரிங்குக்கு வலப்புறம் காலியாக இருந்த டம்மி பிளேட்டைக் கழற்றி அதில் உட்கார வைத்தோம். கதவுக்கு வெளியே நின்றபடியே கை எட்டும். இந்தச் சின்னக் கரண்டுக்கு, பெரிய கரண்டை ஸ்விட்ச்சுக்குப் பதிலாகத் தாங்குகிற ரிலே எல்லாம் தேவையில்லை. முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சால்டர் வைத்து, சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போடச் சொன்னேன்.

இத்தனை நாள் ஓட்டத்தில் ஸ்விட்ச் என்று பார்த்தால் குறை இல்லை. நம்ம பக்கத்துப் புழுதி தெரிந்ததுதான், கிரானைட் லாரிகள் போகிற மண் ரோட்டில் ஓடினால் டேஷ்போர்டுக்குள்ளேயே வெள்ளையாகப் படியும். அதனால் ராக்கர் கொஞ்சம் இறுகியது, கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் சரியானது. மழைக்காலம் கழிந்து பின்களைப் பார்த்தபோது பச்சைக் களிம்பு தொடங்கியிருந்தது; சுரண்டிவிட்டு லேசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன், அதற்குப் பிறகு வரவில்லை.

கோளாறு வந்தது ஸ்விட்ச்சில் இல்லை, கதவில். இடது கதவு லைட் ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது. எல்லாரும் முதலில் புது ஸ்விட்ச்சைத்தான் சந்தேகப்பட்டார்கள். கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பார்த்ததில், பாதி திறந்த ஓர் இடத்தில் மட்டும் லைட் சிமிட்டியது. ரப்பர் பூட்டை உருவிப் பார்த்தால், தினமும் மடங்கி மடங்கி ஒயரின் தோல் முழுசாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருந்தது. லோடுமேன்கள் ஏறி இறங்குகிற கதவு அது. நல்ல நெகிழ்கிற ஒயராக, கொஞ்சம் தொய்வு விட்டு மாற்றியதும் தீர்ந்தது. கதவு லைட் வைத்திருக்கிற எல்லா வண்டிக்கும் என்றாவது இது வரும், ஸ்விட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஸ்விட்ச் போட்டதில் இழந்தது என்று ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. நெடுஞ்சாலை 44 ஓரம் இருட்டில் வண்டியை நிறுத்தி வலது கதவைத் திறக்கும்போது, அந்த லைட் பின்னால் வருகிறவனுக்கு ‘இங்கே கதவு திறந்திருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அணைத்ததை மறந்துவிட்டால் அந்தக் குரல் போய்விடும். டிரைவர்கள் மறப்பார்கள், தூங்கி எழுந்த கையோடு வண்டியை எடுக்கிறவனிடம் ஞாபகம் எதிர்பார்க்க முடியாது. அதனால் இரண்டு கதவின் உள்விளிம்பிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் நீளமாக ஒட்டினேன். பின்வண்டியின் ஹெட்லைட் பட்டதும் மின்னும், பேட்டரி கேட்காது. இந்த ஸ்டிக்கர் ஒட்ட மனசில்லாதவர்கள் ஸ்விட்ச்சும் போட வேண்டாம் என்பேன்.

புது மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. இப்போது பலவற்றில் கதவு ஸ்விட்ச் நேராகப் பல்புக்குப் போவதில்லை, ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தகவல் சொல்கிறது. அந்த லைனில் கத்தி வைத்தால் சென்ட்ரல் லாக், அலாரம் எல்லாம் குழம்பும். அங்கே தொடுவதானால் பல்புக்கு வருகிற கடைசித் துண்டு ஒயரைத்தான் தொட வேண்டும். வாரண்டி இருக்கிற வரைக்கும் அதையும் தொடாதிருப்பது நல்லது.

பெரிய லாரிக்காரர்களுக்கு: அங்கே இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்து 24 வோல்ட். முறை ஒன்றுதான், ஆனால் பல்பும் எல்இடியும் 24 வோல்ட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். 12 வோல்ட் எல்இடி கையில் இருக்கிறதே என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுக்கிற வழக்கத்தை ரோட்டோரக் கடைகளில் பார்த்திருக்கிறேன். ஒரு பேட்டரி வடிந்துகொண்டே போக மற்றது மிகையாகச் சார்ஜ் ஆகி, கடைசியில் ஜோடியாக இரண்டையும் மாற்ற வேண்டியதாகும்.

ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வைக்கலாம், கூடுதலாக ஒரு ராக்கர், ஒரு துண்டு ஒயர். என் டிரைவரிடம் கேட்டதற்கு, “இருக்கற ஒண்ணு போதும்ணா, ராத்திரில எது எதுக்குன்னு தடவிட்டு இருக்க முடியாது” என்றான். ஓட்டுகிறவன் அவன்தான், ஒன்றோடு விட்டுவிட்டேன்.