நெட்லோகோவின் ‘ரெபெலியன்’ மாதிரி: ஒரு தவணைப் பயன்பாட்டுக்குப் பின்

இலங்கை மலையகத்தின் அட்டனில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கும் நான், மக்கள் கிளர்ச்சி எப்போது வெடிக்கிறது என்பதை விளக்க நெட்லோகோ என்னும், பலர் தனித்தனியே நடந்துகொள்வதைத் திரையில் ஓட்டிப் பார்க்க உதவும் இலவச மென்பொருளை ஒரு தவணை முழுவதும் பயன்படுத்தினேன். 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கிய இது, ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்குவதால், மழை வந்தாலே சிக்னல் போய்விடும் எங்கள் பக்கத்துக்கு ஏற்றது.

இதன் மாதிரித் தொகுப்பிலுள்ள ‘ரெபெலியன்’ (கிளர்ச்சி), ஜோஷுவா எப்ஸ்டைனின் 2002ஆம் ஆண்டு ஆய்வைத் தழுவியது. திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு குடிமகனுக்கும் தற்செயலாக ஓர் அளவு கஷ்டம் ஒதுக்கப்படுகிறது. அரசின் மீது நம்பிக்கை எவ்வளவு குறைகிறதோ அந்த அளவால் கஷ்டத்தைப் பெருக்கினால் வருவது மனக்குறை. பார்வைக்கெட்டிய தூரத்தில் பொலிஸார் எத்தனை பேர், ஏற்கெனவே கிளர்ந்தவர் எத்தனை பேர் என்பதைக் கொண்டு கைதாகும் வாய்ப்பு கணிக்கப்படுகிறது; அதை அவரவர் ஆபத்துக்கு அஞ்சும் அளவால் பெருக்கி வருவதை மனக்குறை 0.1க்கு மேல் விஞ்சினால் பச்சைப் புள்ளி சிவப்பாகிறது. பொலிஸார் வேறு மூலைக்கு நகர்ந்ததும் ஒருவர் சிவக்க, அவருக்குப் பக்கத்திலிருப்பவருக்கு ஆபத்து குறைய, சிவப்பு மளமளவெனப் பரவுகிறது. “பிரட்டுக்களத்துல யார் முதல்ல வாய் திறக்குறதுன்னு பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு சார்” என்றான் ஒரு மாணவன், தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் இடத்தைச் சொல்லி. அதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது.

ஆட்டக் கோட்பாட்டை, அதாவது பிறரின் நகர்வைக் கணித்து முடிவெடுப்பதை ஆராயும் துறையை, எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். இப்புள்ளிகள் பிறர் அடுத்து என்ன செய்வார் என்று யோசிப்பதில்லை. பேரம் பேசத் தொழிற்சங்கமும் இல்லை, தோட்டத் தலைவரும் இல்லை. இடைமுகத்தில் தமிழும் இல்லை.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. அரசின் மீதான நம்பிக்கை, 0.82இல் நிற்கும் ஒரு ஸ்லைடராக நம் கையில் இருக்கிறது. பொலிஸார் எத்தனை பேரைப் பிடித்தாலும் அது தானாக நகர்வதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்த பின்னும், அதே ஆண்டில் ஊவாவின் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, அடக்குமுறை மனக்குறையைத் தொடாத ஓர் உலகம் நம்பும்படியாக இல்லை.

நல்லவேளையாக, நிரலைத் திறந்து திருத்த முடிகிறது. ஒவ்வொரு கைதுக்கும் நம்பிக்கை சிறிது குறையுமாறு ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினோம். பொலிஸாரைக் கூட்டியும் திரை பச்சைக்குத் திரும்ப வெகுநேரமாயிற்று. அடுத்த தவணைக்கும் இதையே வைத்துக்கொள்கிறேன், அந்த வரியோடு.