மெருகிடாத பால்டிக் அம்பர், 240 கிராம்: வாங்கிச் சோதித்தபின் எழுதும் மதிப்புரை

இயற்கையான பால்டிக் அம்பர் என்ற உறுதிமொழியோடு, சிறிது பெரிது பாராமல் கிராமுக்கு ஒரே விலை என்று இணையத்தில் விற்கப்பட்ட 240 கிராம் பொதியொன்றை அண்மையில் வாங்கினேன். அதில் 23 துண்டுகள் இருந்தன. (திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் அம்பர்கிரீஸ் வேறு, வட ஐரோப்பாவின் பால்டிக் கடற்பகுதியில் கிடைக்கும் இது, பழங்கால மரங்களின் பிசின் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்து இறுகியது.) பொதி சொன்ன நாளில் வந்தது, எடையும் சரியாக இருந்தது.

என் மனக்குறை, உடன் வந்த அட்டையைப் பற்றியது. ‘உப்புநீரில் மிதப்பது அசல், மூழ்குவது போலி’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். உப்பு மேலும் கரையாத அளவுக்குக் கரைத்த நீரின் அடர்த்தி சுமார் 1.2, அம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை என்பதால் அது மிதக்கும், பேக்லைட் போன்ற கனமான பிளாஸ்டிக் மூழ்கும் என்ற அளவில் அந்த வரி சரிதான். ஆனால் அம்பராக முதிராத இளம்பிசினான கோபாலும் மிதக்கும், பாலிஸ்டைரீன் என்னும் இலேசான பிளாஸ்டிக்கும் மிதக்கும். என் பொதியில் 22 துண்டுகள் மிதந்தன, ஒன்று மூழ்கியது. மிதந்தவற்றின் மேலோட்டைச் சிறிது சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்து, உலர்ந்தபின் விரலால் தொட்டுப் பார்த்தபோது மூன்று துண்டுகள் பிசுபிசுத்தன: அவை கோபால். மூழ்கிய துண்டோ அசிட்டோனுக்கு அசையவில்லை. உடைத்துப் பார்த்தால் புதிய முகம் புற ஊதா விளக்கில் நீலவெண்மையாக ஒளிர்ந்தது, விரிசல்களுக்குள் பைரைட் என்னும் கனமான இரும்புக் கனிமம் அடைந்திருந்தது. போலி மிதந்து அசல் மூழ்கிய இந்த வேடிக்கையைக் கண்டபின் அந்த அட்டையைக் குப்பையில் போட்டேன். சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்ப்பதை நான் செய்யவில்லை. அது கல்லில் நிலையான வடுவை விட்டுவிடும்.

‘பால்டிக்’ என்ற சொல்லை வீட்டுச் சோதனை எதனாலும் உறுதிசெய்ய முடியாது. அகச்சிவப்பு நிறமாலையில் 1250 முதல் 1175 வரையிலான அலையெண் பகுதியில் பால்டிக் அம்பருக்கே உரிய தோள்போன்ற வடிவம் தெரியும். அதைக் காட்டும் ஆய்வக அறிக்கை இந்தப் பொதியோடு வரவில்லை.

விலை குறித்தும் எனக்கு உடன்பாடில்லை. மெருகிடாத அம்பரில் பெரிய துண்டுக்குக் கிராம் விலை கூடுதலாகவும் சிறு துண்டுக்குக் குறைவாகவும் இருப்பதே முறை. தட்டையான துண்டில் உருண்டை மணி கடைய முடியாது என்பதால் வடிவமும் கணக்கில் சேரும். இங்கோ எல்லாம் ஒரே தராசில் ஏறியதால், பைரைட்டின் எடைக்கும் அம்பர் விலையே கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பெரிய துண்டு 41 கிராம். பழுப்பு மேலோட்டை நீக்கி, ஆழமாக ஓடிய விரிசலோடு ஒரு பக்கத்தையும் அறுத்தெறிந்தபின் 29 கிராம்தான் எஞ்சியது. வாங்குபவர் விலைபேச வேண்டியது அந்த 29 கிராமுக்குத்தான். அதை முன்கூட்டியே மதிப்பிட, மேலோட்டின் ஒரு மூலையைச் சீவி மெருகிட்டு உட்புறம் தெரியுமாறு ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும். 23 துண்டுகளில் ஒன்றில்கூட அது இல்லை. ஆயினும் அந்த 29 கிராம், நுண்குமிழிகள் செறிந்ததால் உண்டான பால்மஞ்சள் நிறத்தோடு, பொதியிலேயே மிக நல்ல கல்லாக அமைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கோபால் துண்டுகளின் படத்தை அனுப்பியதும் விற்பனையாளர் மறுப்பின்றி அவற்றுக்குரிய தொகையைத் திருப்பித் தந்தார். ஐந்துக்கு மூன்று விண்மீன் தருகிறேன். துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்து, சன்னல் திறந்து விற்கத் தொடங்கினால் நான்காவதையும் தருவேன்.