ஏமி லெவியா, ஜார்ஜ் கிஸ்ஸிங்கா: எதை முதலில் படிக்கலாம்?

விக்டோரியா காலத்தின் கடைசியில் சொந்தக் காலில் நின்ற பெண்களைப் பற்றி ஒரு நாவல் படிக்க வேண்டும் என்றால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்: லெவியின் ‘தி ரொமான்ஸ் ஆஃப் எ ஷாப்’ (1888), கிஸ்ஸிங்கின் ‘தி ஆட் விமன்’ (1893).

தொழில்
லெவி: அப்பா இறந்ததும் லாரிமர் சகோதரிகள் நால்வர் லண்டன் பேக்கர் தெருவில் போட்டோ ஸ்டுடியோ திறக்கிறார்கள். முதலாளிகளும் அவர்களே.
கிஸ்ஸிங்: ரோடா நன்னும் மேரி பார்ஃபுட்டும் பெண்களுக்கு டைப்ரைட்டிங் கற்றுத் தருகிறார்கள். மோனிகா என்ற இளம்பெண் துணிக்கடையில் தினம் 13 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறாள்.

பணக்கஷ்டம்
லெவி: கவலை உண்டு, பட்டினி இல்லை.
கிஸ்ஸிங்: இங்கேதான் அவர் அசரவைக்கிறார். மோனிகாவின் அக்காமார் கையிருப்பு கரையாமலிருக்க ஒரே அறையில் ஒண்டிக்கொள்கிறார்கள். சோற்றில் கொஞ்சம் வெண்ணெய், மிளகு, உப்பு. மதியச் சாப்பாடே அவ்வளவுதான். அவர்களில் ஒருத்தியான வர்ஜீனியா ரகசியமாகக் குடிக்கவும் தொடங்குகிறாள். வேலைக்கென்று எதுவும் கற்றுத்தராமல் பெண்ணை வளர்த்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன நாவல்கள் குறைவு.

முடிவு
லெவி: சகோதரிகளில் ஒருத்தியான கெர்ட்ரூட் கல்யாணம் செய்துகொள்கிறாள். அது எனக்கு ஏமாற்றம்தான்.
கிஸ்ஸிங்: ரோடா தனியாகவே இருந்து வேலையைத் தொடர்கிறாள்.

சின்னதாக, விறுவிறுப்பாக வேண்டுமா? லெவி. கூலி, வாடகை, கல்யாணச் சந்தை எல்லாம் புரிய வேண்டுமா? நேரம் ஒதுக்கி கிஸ்ஸிங்கை எடுங்கள்.