ஏறுவரிசை உர அளவுகளை ஒப்பிட: கிரஸ்கல்–வாலிஸ் சோதனையா, ஜான்கீர்–டெர்ப்ஸ்ட்ரா சோதனையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மானாவாரி ராகி வயல் ஒன்றில் ஹெக்டேருக்கு 0, 20, 40, 60 கிலோ என நான்கு அளவுகளில் தழைச்சத்து இட்டு, பாத்திகளின் விளைச்சலை ஒப்பிடுவதாகக் கொள்வோம். 1952-இல் வெளிவந்த கிரஸ்கல்–வாலிஸ் சோதனை, எல்லா விளைச்சல்களையும் ஒன்றாக வரிசைப்படுத்தித் தர எண் கொடுத்து, குழுக்களின் சராசரித் தரங்கள் வேறுபடுகின்றனவா என்று மட்டுமே கேட்கிறது. குழுக்களின் பெயர்களை இடம் மாற்றினாலும் அதன் விடை மாறாது. உர அளவு படிப்படியாக ஏறுவதை அறிந்தே ஆய்வை அமைத்தவர், அந்த அறிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்கு ஏற்புடையதன்று.

டெர்ப்ஸ்ட்ரா 1952-இலும் ஜான்கீர் 1954-இலும் முன்வைத்த சோதனையோ குழுக்களை இரண்டிரண்டாக எடுத்து, கூடுதல் உரம் பெற்ற பாத்தி குறைந்த உரம் பெற்ற பாத்தியை விளைச்சலில் விஞ்சும் இணைகளை எண்ணி, நான்கு குழுக்களிலிருந்து அமையும் ஆறு ஒப்பீடுகளின் எண்ணிக்கைகளையும் கூட்டுகிறது. விளைச்சல் மெய்யாகவே ஏறுமுகமாக இருந்தால், பாத்திகள் சிலவே ஆனாலும், அப்போக்கைக் கண்டறியும் திறன் இதற்கே மிகுதி. ஆனால் வரிசையைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பார்த்த பின் அடுக்கினால் பி-மதிப்பு (உர அளவால் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதனினும் வலுவான போக்கு தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவு) பொருளிழக்கும். 60 கிலோவில் பயிர் சாய்ந்து விளைச்சல் இறங்கினால் இச்சோதனையின் திறன் குன்றும்; அந்த ஐயம் முன்கூட்டியே இருந்தால் கிரஸ்கல்–வாலிஸ் சோதனையே பாதுகாப்பானது.

வயலை ஒத்த தன்மையுள்ள தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு அளவுகளையும் இட்டு ஆய்வை நடத்தியிருந்தால் இவ்விரண்டும் பொருந்தா; அங்கே வரிசையைக் கருதாத ஃபிரீட்மன் சோதனைக்கும், வரிசையைக் கருத்தில் கொள்ளும் 1963-ஆம் ஆண்டின் பேஜ் சோதனைக்கும் இடையேதான் தேர்வு.