பிரிட்டிஷ் ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா?

பிரிட்டிஷ் ஆங்கிலம்தான் அசல், அமெரிக்காவில் பேசுவது அதன் சிதைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்தால் அந்த எண்ணத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. லண்டனில் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி பெரும்பாலும் பழைய வழக்கத்தையே நிலைநிறுத்தியது. அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டரோ புது நாட்டுக்குத் தனி மொழி அடையாளம் வேண்டும் என்று துணிந்து மாற்றினார். 'கலர்', 'ஹானர்' போன்ற சொற்களில் 'யு' போனது. 'சென்டர்' சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறின. 1828-இல் வந்த அவருடைய அகராதி இவற்றை ஊன்றச் செய்தது. (நாக்கைக் குறிக்கும் 'டங்' சொல்லை டி-யு-என்-ஜி என்று எழுதச் சொன்னார், அதை மக்கள் ஏற்கவில்லை.)

உச்சரிப்புக்கு வந்தால் கதை தலைகீழ். 'கார்', 'ஹார்ட்' சொற்களில் வரும் 'ர்' ஒலியைப் பெரும்பாலான அமெரிக்கர்கள் இன்றும் தெளிவாகச் சொல்கிறார்கள். அது பழைய இங்கிலாந்தின் வழக்கம். தென் இங்கிலாந்துதான் பிறகு அதைக் கைவிட்டது. இலையுதிர் காலத்துக்கு அமெரிக்கர்கள் சொல்லும் 'ஃபால்' கூட இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனதே.

எது எங்கே பரவியது என்பதை ஆட்சிதான் தீர்மானித்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டிஷ் வழக்கு. 1898-இல் அமெரிக்கா வசம் போன பிலிப்பைன்ஸில் அமெரிக்க வழக்கு.

சரி, நாம் எதை எழுதுவது? பள்ளியில் படித்த பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலே நமக்குச் சுலபம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் மட்டும் கணினியின் மொழித் தேர்வை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.